“இது என் கை இல்லை” என்கிறார் அப்பா: நரம்பியலும் பௌத்தமும் சொல்வது ஒன்றுதானா?

மழைக்காகிதம் (கேள்வி)

வணக்கம். கேள்வி சற்று நீளமானது; பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

என் அப்பாவுக்கு 71 வயது. ஐந்து வாரங்களுக்கு முன்பு மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் அவருடைய உடலின் இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பெயர், வங்கிக் கணக்கு எண், இளவயதில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்த அச்சகத்தில் எந்த அறையில் எந்த எழுத்து கிடந்தது என்பது வரைக்கும் எல்லாம் நினைவில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள், உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய இடக்கையை எடுத்தேன். “அதை விட்டுவிடு, அது என் கை இல்லை” என்றார். யாருடையது என்று கேட்டதற்கு, “உன் சித்தப்பா வந்திருந்தானே, அவனுடையதாக இருக்கும்” என்றார். தோளில் தொடங்கி முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டி, எல்லாம் உங்கள் உடம்போடு சேர்ந்துதானே இருக்கிறது என்றேன். கோபப்படவில்லை. நிதானமாகப் பார்த்துவிட்டு, “என் கையாக இருந்தால், தூக்கு என்று நான் சொன்னால் தூக்காதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு ஆண்டுகளாக நான் பௌத்த தியானம் பழகி வருகிறேன். “இது என்னுடையது அன்று, இது நான் அன்று, இது என் ஆன்மா அன்று” என்னும் வாக்கியத்தை எத்தனையோ காலைகளில் மனத்துக்குள் சொல்லியிருக்கிறேன். அதே சொற்கள் அப்பாவின் வாயிலிருந்து, அதுவும் ஓர் இரத்தக்கட்டியால் வந்தபோது, நான் இத்தனை நாள் பழகியது எதை என்ற ஐயம் எழுந்துவிட்டது. என் கேள்விகள் இரண்டு. “நான்” என்பது மூளை காட்டும் பொய்த்தோற்றம் என்று நரம்பியல் நிறுவிவிட்டதா? நிறுவிவிட்டது என்றால், நோயாளி சொல்லும் அந்த வாக்கியத்துக்கும் பிக்கு சொல்லும் அதே வாக்கியத்துக்கும் என்ன வேறுபாடு?

நரம்பியல்வார்டு

நரம்பியல் மருத்துவராகப் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முதலில் உங்கள் தந்தையாரைப் பற்றிச் சொல்லிவிட்டு, பிறகு கேள்விக்கு வருகிறேன்.

அவருக்கு ஏற்பட்டிருப்பது மனநோய் அன்று. அவர் பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. தன் உறுப்பைத் தன்னுடையது அன்று என்று மறுக்கும் இந்த நிலைக்கு 1942இல் ஜோசஃப் கெர்ஸ்ட்மன் ‘சொமாட்டோபாரஃப்ரீனியா’ என்று பெயரிட்டார். செயலிழப்பு இருப்பதையே உணராத நிலையை அதற்கு முன்பே, 1914இல், பாபின்ஸ்கி விவரித்திருந்தார். இரண்டும் பெரும்பாலும் வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களிடமே காணப்படுகின்றன, பலருக்கு வாரக்கணக்கில் தாமாகவே குறைந்தும் விடுகின்றன. அவரோடு வாதாடி வெல்ல முயல வேண்டாம். ஆனால் அந்தக் கையை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொள்ளுங்கள். தன்னுடையது அன்று என்று நினைக்கும் கையை யாரும் பாதுகாப்பதில்லை. அது உடலுக்கடியில் மாட்டிக்கொண்டு நசுங்கும், சுடுகலத்தில் படும், சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும்.

இனி உங்கள் கேள்வி. ஒரு கை நம்முடையது என்ற உணர்வு, கை இருப்பதால் மட்டும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. கண் பார்ப்பதும், தோல் உணர்வதும், மூட்டுகள் நிலையைத் தெரிவிப்பதும் ஒன்றோடொன்று பொருந்தி வரும்போது மூளை எடுக்கும் முடிவு அது. 1998இல் பாட்வினிக், கோஹன் ஆகிய இருவர் செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் ஒரு மேசையில் செய்து பார்க்கலாம். உங்கள் கையைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்து, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகத் தூரிகையால் வருடினால், சற்று நேரத்தில் வருடல் அந்த ரப்பர் கையில்தான் படுகிறது என்று பலருக்குத் தோன்றிவிடும். அது ரப்பர் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அது என் கை என்ற உணர்வு வருகிறது. உங்கள் தந்தையாருக்கு இதன் மறுபக்கம் நிகழ்ந்திருக்கிறது. கை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்தப் பொருத்தம் நிகழவில்லை.

‘சித்தப்பாவின் கை’ என்று அவர் சொன்னாரே, அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றையை அறுத்த நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர் கசானிகாவும் ஜோசஃப் லெடூவும் அத்தகைய ஓர் இளைஞனிடம் ஒரு சோதனை செய்தார்கள். பேசும் திறனுள்ள இடப்பாதிக்கு மட்டும் கோழிக்கால் படத்தையும், பேச இயலாத வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். முன்னால் இருந்த படங்களில், இடப்பாதி இயக்கும் அவனுடைய வலக்கை கோழியைத் தேர்ந்தெடுத்தது, வலப்பாதி இயக்கும் இடக்கை பனி அள்ளும் மண்வாரியைத் தேர்ந்தெடுத்தது. மண்வாரி எதற்கு என்று கேட்டதும், பனியைப் பார்த்திராத அந்த இடப்பாதி ஒரு கணமும் தயங்காமல், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று பதில் சொன்னது. அவன் பொய் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த துண்டுகளை வைத்து ஒரு கதையைப் பின்னினான், அந்தக் கதையை முதலில் நம்பியவனும் அவனே. கசானிகா இந்தச் செயலுக்குப் பொறுப்பான அமைப்பை ‘விளக்கமளிப்பவர்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். நலமாக இருக்கும் நம் எல்லோருக்குள்ளும் அது நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, ‘என்னுடையது’, ‘நான் செய்தேன்’ என்பவை மூளை ஓயாமல் தயாரித்துக்கொண்டிருக்கும் முடிவுகள் என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது. பொய்த்தோற்றம் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரத்த அழுத்தத்தையும் உடல்தான் உண்டாக்குகிறது. அதனால் அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

இன்னொன்று. இத்தகைய சில நோயாளிகளிடம், கையை நேராகப் பார்க்கும்போது மறுப்பதும், அதே கையைக் கண்ணாடியில் பார்க்கும்போது தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதும் பதிவாகியிருக்கின்றன. இடக்காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தும்போதும் மறுப்பு சற்று நேரத்துக்கு விலகும். ஆனால் அது மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது. கண்ணாடியால் தீங்கில்லை. அவர் விரும்பினால் முயன்று பாருங்கள்.

பாலிமாணவி

நீங்கள் எழுதியதில் ஒரு வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். “என் கையாக இருந்தால், தூக்கு என்று நான் சொன்னால் தூக்காதா?” உங்கள் அப்பா கேட்ட இந்தக் கேள்வி, அனாத்மாவைப் பற்றி, அதாவது எதுவும் ஆன்மா அன்று என்பதைப் பற்றி, புத்தர் முதன்முதலாகப் பேசியபோது முன்வைத்த வாதமேதான்.

இன்று சாரநாத் என்று வழங்கும் இசிபதனத்தில், முதல் சீடர்கள் ஐவரிடம் அவர் கூறியது இது: உருவம் ஆன்மாவாக இருந்திருந்தால் அது துன்பத்துக்கு ஆளாகியிருக்காது, ‘என் உருவம் இப்படி ஆகட்டும், இப்படி ஆகாதிருக்கட்டும்’ என்று ஆணையிட முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை என்பதால் உருவம் ஆன்மா அன்று. இதையே நுகர்ச்சி, குறிப்பறிதல், மனச்செய்கைகள், உணர்வறிவு என்று, மனிதனாகச் சேர்ந்திருக்கும் ஐந்து கூறுகளான கந்தங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் “நேதம் மம, நேசோஹமஸ்மி, ந மேசோ அத்தா” என்று பார்க்கச் சொல்கிறார். நீங்கள் காலையில் சொல்லும் வாக்கியம் இங்கிருந்து வந்ததுதான்.

வேறுபாடு எங்கே என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவின் வாதம் ஒரு கையோடு நின்றுவிடுகிறது. ஆணைக்குக் கீழ்ப்படியாத அந்த ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு, ஆணையிடும் ‘நான்’ ஒருவன் உள்ளே முழுமையாக இருப்பதாக அவர் எடுத்துக்கொள்கிறார். மேலும், விலக்கிய கையையும் உரிமையாளர் இல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை, சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். உடைமை என்ற எண்ணம் அங்கே கொஞ்சமும் குறையவில்லை, கைதான் மாறியிருக்கிறது. புத்தர் கேட்கச் சொல்வது இந்த உறுப்பு யாருடையது என்பதை அன்று. ஆணையிடுவதாக எண்ணிக்கொள்ளும் அந்த உணர்வறிவையே எடுத்து, ‘இதுவாவது நான் சொன்னபடி நிற்கிறதா’ என்று பார்க்கச் சொல்கிறார். இதைவிடக் கடுமையாக இன்னோரிடத்தில் பேசுகிறார்: ‘நான்’ என்று எதையாவது பற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மனத்தைவிட உடலைப் பற்றுவது மேல், ஏனெனில் உடலாவது நூறாண்டு வரை நிற்கக் காண்கிறோம், மனமோ காட்டில் கிளைவிட்டுக் கிளை தாவும் குரங்கைப் போல இரவும் பகலும் மாறிக்கொண்டே இருக்கிறது என்கிறார்.

பொய்த்தோற்றம் என்ற சொல்லைப் பற்றி மருத்துவர் தயங்கியது சரியே. பழைய பாலி நூல்களும் அந்த இடத்தில் தயங்கி நிற்கின்றன. வச்சகோத்தன் என்னும் துறவி வந்து ‘ஆன்மா உண்டா’ என்று கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்தார். ‘அப்படியானால் இல்லையா’ என்று கேட்டபோதும் பேசவில்லை. அவன் போன பிறகு தம் சீடர் ஆனந்தரிடம், இல்லை என்று சொல்லியிருந்தால், ‘முன்பு எனக்கு இருந்த ஆன்மா இப்போது இல்லாமல் போயிற்றே’ என்று ஏற்கெனவே குழம்பியிருந்தவன் மேலும் குழம்பியிருப்பான் என்றார். அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்ததும் ஏறத்தாழ அந்தக் குழப்பம்தான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு மிகவும் தேவையானது கேமகர் என்ற பிக்குவின் கதை. அவர் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருக்கிறார். கோசாம்பியில் தங்கியிருந்த மூத்த பிக்குகள், தாசகர் என்பவரைத் தூதனுப்பி, ‘ஐந்து கந்தங்களில் எதையாவது நான் என்று காண்கிறீரா’ என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறார். ‘அப்படியானால் நீர் முற்றும் விடுதலை பெற்றவரோ’ என்று மறுபடியும் கேட்டனுப்புகிறார்கள். அதற்கும் இல்லை என்கிறார். தூதர் இப்படி வந்துபோவதைப் பொறுக்காமல், நோயோடே எழுந்து கோலூன்றி நடந்துவந்து அவர்களிடம் நேரில் சொல்கிறார்: எதையும் ‘இது நான்’ என்று நான் காண்பதில்லை, ஆனாலும் ‘நான்’ என்ற ஒன்று இன்னும் போகவில்லை. தாமரையின் மணம் இதழுடையதா, தண்டுடையதா, மகரந்தத்துடையதா என்றால் எதையும் சொல்ல முடியாது, பூவின் மணம் என்றுதான் சொல்ல முடியும், அதுபோல என்கிறார். வண்ணான் உவர்மண்ணும் சாணமும் இட்டு வெளுத்த துணியில் அழுக்குப் போன பிறகும் அந்த உவரின் வாடை நிற்குமே, அதுபோல என்றும் சொல்கிறார். தம் நிலையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொருவரை நான் படித்ததில்லை. ரப்பர் கை என்று தெரிந்த பிறகும் அது என் கை என்ற உணர்வு வருகிறது என்று மருத்துவர் எழுதியிருந்தாரே, அங்கே எனக்குக் கேமகர்தான் நினைவுக்கு வந்தார்.

கரையோரம்

நான் மருத்துவமும் பாலியும் படித்தவன் அல்லன். ‘நான்’ இல்லாமல் போன நிலையில் எட்டு மாதங்கள் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் இருபத்திரண்டாம் வயதில், பல நாள் மௌனப் பயிற்சி ஒன்றிலிருந்து வீடு திரும்பியபின் அது தொடங்கியது. பேசும்போது என் குரலை வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டேன். சோற்றைப் பிசையும் விரல்களைப் பார்த்தால் கண்ணாடிக்கு அப்பால் யாரோ பிசைவதுபோல இருக்கும். என் கை என்பது தெரியும். அந்த விதத்தில் இந்தத் தந்தையாரின் நிலை வேறு. ஆனால் தெரிவது மட்டும்தான் மிஞ்சியிருந்தது, ‘என்’ என்பதில் இருக்கும் ஒட்டுதல் முழுவதும் போயிருந்தது. பயிற்சியில் உடன் இருந்த சிலர் இதைப் பெரிய முன்னேற்றம் என்று பாராட்டினார்கள். நானும் சில நாள் நம்பினேன்.

அந்த எட்டு மாதங்களில் நான் என்னைத் தவிர வேறு எதையும் எண்ணவில்லை என்பதுதான் உண்மை. என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு இப்போது என்ன உணர்வு வருகிறது, ஏன் வரவில்லை என்பதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். ‘நான்’ என்ற உணர்வு போய்விட்டது, ஆனால் ‘எனக்கு’ என்ற பற்று முன்பைவிட இறுகிவிட்டது. பிறகு மனநல மருத்துவரிடம் சென்றேன், அதற்குத் தன்னுணர்விழப்பு என்ற பெயர் உண்டு என்று அறிந்தேன், மெல்லத் தேறினேன். அதனால்தான் சொல்கிறேன்: நோயையும் பயிற்சியையும் வேறுபடுத்த, எந்த உணர்வு வந்தது அல்லது போனது என்று பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரின் வலி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் இதைப் பற்றிக் கலங்கியிருக்கிறீர்கள். உங்கள் ஆறு ஆண்டுகள் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழையஏடு

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலிமாணவி கூறிய கருத்தைத் தமிழ்ப் பௌத்தர் எப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன். குண்டலகேசியில் நமக்குக் கிடைத்திருக்கும் சில செய்யுள்களுள் ஒன்று, கருவாய் இருந்த தன்மை செத்து, பாலனாய் இருந்த தன்மை செத்து, காளையாய் இருந்த தன்மை செத்து, இளமையும் செத்து மூப்பு வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போய், “நாளும் நாள் சாகின்றாமால் நமக்கு நாம் அழாதது என்னோ” என்று முடிகிறது. இறந்தவருக்காக அழுவோரைத் தேற்றும் பாட்டு என்றே பெரும்பாலும் விளக்குவார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் ‘செத்தும்’ என்ற சொல் ஆளுக்கு அன்று, ‘தன்மை’க்கே திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனியுங்கள். சாவதற்கு அங்கே தன்மைகள்தாம் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் ஓர் ஆளைப் புலவர் காட்டவே இல்லை. இருந்தும் ‘நாம்’ என்ற சொல்லை அவர் கைவிடவும் இல்லை.

நரம்பியல்வார்டு

பாலிமாணவி எழுதியது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. ஒரே ஓர் எச்சரிக்கை. புத்தர் சொன்னதை மூளை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். மனம் தன்னைப் பற்றி அலையும்போது இயங்கும் மூளைப்பகுதிகளின் தொகுப்பை மார்க்கஸ் ரெய்க்கிளும் உடன்பணியாற்றியவர்களும் 2001இல் விவரித்தார்கள். நீண்டகாலம் தியானம் பழகியவர்களிடம் அதன் முக்கியப் பகுதிகளின் இயக்கம் குறைந்திருப்பதை 2011இல் ஜட்சன் ப்ரூவர் குழுவினர் காட்டினார்கள். இயக்கம் குறைந்தது என்பதற்கு மேல் அந்தப் படங்கள் எதையும் சொல்வதில்லை. அந்த மனிதருக்குப் பற்று குறைந்ததா என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. கரையோரம் எழுதிய எட்டு மாதங்களைப் படித்தபின் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். ‘நான்’ எப்படி உண்டாகிறது என்பது எங்கள் கேள்வி. அதைப் பற்றிக்கொண்டு ஏன் துன்பப்படுகிறோம் என்பது அவர்களுடைய கேள்வி.

மழைக்காகிதம்

எல்லோருக்கும் நன்றி. கரையோரம், உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன்.

நேற்று மாலை கண்ணாடியை முயன்று பார்த்தேன். அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடி. அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, இடக்கையை மடியில் ஒரு தலையணையின் மேல் வைத்து, கண்ணாடியை எதிரில் பிடித்துக்கொண்டேன். யாருடைய கை என்று கேட்டேன். கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்தார். கட்டைவிரலின் ஓரத்தில், காகிதம் வெட்டும் இயந்திரத்தில் பட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு, “என் கைதான். ஸ்டிக் பிடித்த கை” என்றார். அச்சுக்கோக்கும்போது எழுத்துகளை அடுக்கும் சட்டத்தை முப்பது ஆண்டுகள் அந்த இடக்கையில்தான் பிடித்திருந்தார்.

இப்போது குனிந்து மடியில் பாருங்கள் என்றேன். பார்த்தார். “இது வேறு” என்றார்.

மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் மடி. அதே இரண்டு பதில்கள். மூன்றாம் முறை குனிந்தபோது உடனே பதில் வரவில்லை. வலக்கையை நீட்டி அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தார். நானும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “யாருடையதாக இருந்தாலும் சில்லென்று இருக்கிறது, போர்வையை இழுத்து மூடு” என்றார். மூடினேன்.